பாட்டி வைத்துவிட்டுப் போன நகையையும் படங்களையும் ஏலத்தில் விற்க முடியுமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் பாட்டி வீட்டை விற்கப் போகிறோம். வீட்டைக் காலி செய்தபோது ஒரு கெம்பு அட்டிகை, ஏழு கல் வைரத் தோடு, ஒரு காசுமாலை, சுவரில் மாட்டிய தஞ்சாவூர்க் கிருஷ்ணர், தாத்தா வியட்நாமின் சைகோனிலிருந்து கொண்டுவந்த கறுப்பு அரக்குப் பலகைப் படம், பூஜை அறையில் ஒரு சாண் உயர வெண்கல அம்மன் எல்லாம் கிடைத்தன. இதுபோன்றவை ஏலத்தில் கோடிக்கணக்கில் போவதாகச் செய்தி வருகிறதே, எங்களுடையதை அனுப்பலாமா, பிரான்சில் இருக்கும் தங்கையிடம் கொடுத்துவிட்டால் அங்கே விற்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்கலாம். ஆனால் இந்த ஆறில் ஒன்றை இப்போதைக்குத் தொடவே கூடாது. சிலவற்றை இந்தியாவை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. நீங்கள் ஐந்தாவதாகச் சொல்லியிருக்கும் அந்தச் சைகோன் பலகைதான் எனக்கு முதலில் ஆர்வம் தருகிறது. எனக்குச் சொந்த ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். மும்பையில் ஓர் ஏல நிறுவனத்தில் பட்டியல் தயாரிக்கும் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஏலம் என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பக்கத்தில் ஏலம் என்றால் துறைமுகத்தில் விடியற்காலை மீன் கூவி விற்பதுதான் நினைவுக்கு வரும். இல்லையென்றால் பேப்பரில் வரும் அடகு நகை ஏல அறிவிப்பு. அந்த ஏலத்தில் உங்கள் அட்டிகை வெறும் தங்கம்தான்: மொத்த எடை இவ்வளவு, கல் எடை போக இவ்வளவு, முடிந்தது. யார் செய்தது, எந்தக் காலம், கல் எந்த ஊர்க் கல் என்ற பேச்சே அங்கே வராது. அதனால் வீட்டு விற்பனை முடியும்வரை கைச்செலவுக்குப் பணம் வேண்டியிருந்தால், இந்த நகைகளை மட்டும் அடகுக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கலைப்பொருள் ஏலம் வேறு மாதிரி நடக்கும். சில வாரங்களுக்கு முன்பே பட்டியல் வெளியாகும். ஒவ்வொரு பொருளுக்கும் படம், அளவு, காலம், இத்தனையிலிருந்து இத்தனை வரை போகலாம் என்ற மதிப்பீடு எல்லாம் இருக்கும். அதற்குக் கீழே போனால் விற்க மாட்டோம் என்று ஒரு குறைந்தபட்ச விலையை நீங்களும் நிறுவனமும் ரகசியமாகப் பேசி வைத்துக்கொள்வீர்கள். ஏலம் அதைத் தொடவில்லை என்றால் பொருள் திரும்பி வரும். நஷ்டமில்லையே என்று தோன்றும், ஆனால் நஷ்டம் உண்டு. விலை படியாமல் திரும்பிய பொருளை வாங்குகிறவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள், அடுத்த சில வருஷம் அதே பொருள் வந்தால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். மதிப்பீட்டை ஏற்றி வைக்கச் சொல்லி நிறுவனத்தை நெருக்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விலையைத் தீர்மானிப்பதில் பாதிப் பங்கு பொருளின் பூர்வீகத்துக்கு. எங்கே பிறந்தது, யார் யார் கையில் இருந்தது, அதற்கு என்ன ஆதாரம் என்பதைத்தான் பூர்வீகம் என்கிறேன். நம் ஊர்ப் பக்கத்து வைரங்கள் இரண்டைச் சொன்னால் புரியும்.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1777ல் இங்கிலாந்து ராணி சார்லட்டுக்கு வைரங்கள் கொடுத்தார். அவற்றில் ஒன்றுதான் இன்று ‘ஆற்காடு இரண்டு’ என்று அழைக்கப்படும் 17.21 காரட் கல். ராணிக்குப் பின் லண்டன் நகைக்கடை, 1837ல் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு குடும்பம், 1959ல் அமெரிக்க வியாபாரி ஹாரி வின்ஸ்டன் என்று அது கைமாறிய ஒவ்வொரு படிக்கும் எழுத்து இருக்கிறது. 2019 ஜூனில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 33 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. இன்னொரு கல் ‘பிளாக் ஓர்லோவ்’, 67.50 காரட் கறுப்பு வைரம். புதுச்சேரிக்குப் பக்கத்துக் கோயிலில் பிரம்மா சிலையின் கண்ணாக இருந்தது, ஒரு துறவி திருடினார், வைத்திருந்தவர்கள் மாடியிலிருந்து குதித்தார்கள் என்று அதற்கு ஊரறிந்த கதை உண்டு. அதில் ஒரு வரிக்கும் ஆதாரம் கிடையாது. இந்தியச் சுரங்கங்களில் கறுப்பு வைரம் கிடைத்ததாகவே தெரியவில்லை. 2006ல் அதே கிறிஸ்டீஸில் அது போனது 3 லட்சத்து 52 ஆயிரம் டாலருக்கு. கறுப்பு வைரத்துக்கு எப்போதும் விலை குறைவு என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் முதல் கல்லுக்கு ஏலம் கேட்டவர்கள் கல்லோடு சேர்த்து அந்த 242 வருஷத்தையும் வாங்கினார்கள்.

உங்கள் வீட்டுக்கு ராணி வேண்டாம். பாட்டி கல்யாணப் போட்டோவில் அந்த அட்டிகை கழுத்தில் தெரிந்தால் போதும், அது ஆதாரம். புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. பிரெஞ்சுக் காலத்தில், பத்திரங்களை எழுதி உறுதிசெய்யும் நொத்தேரிடம் போய்க் கல்யாண ஒப்பந்தமும் பாகப்பிரிவினையும் எழுதிய குடும்பங்கள் நிறைய. அந்தப் பத்திரத்தில் நகைகளை ஒன்றொன்றாக எழுதியிருப்பது உண்டு. வீடு விற்க எப்படியும் தாய்ப்பத்திரம் தேடுவீர்கள். அந்தக் கட்டில் மஞ்சள் ஏறிய பிரெஞ்சுக் காகிதம் எது இருந்தாலும் படிக்காமல் கழித்துவிடாதீர்கள்.

அடுத்து நகைகள். முதல் வேண்டுகோள், எதையும் கழுவாதீர்கள். நம் வீடுகளில் பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து நகையைப் போட்டுத் தேய்ப்பது வழக்கம். பழைய கெம்பு அட்டிகையில் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும். கல்லுக்கு அடியில் மெல்லிய பளபளத் தகடு ஒன்றை வைத்துத்தான் பத்தர் கல்லைப் பதித்திருப்பார். கல்லின் சிவப்பில் பாதி அந்தத் தகட்டின் வேலை. வெந்நீர் உள்ளே இறங்கினால் தகடு கறுத்துவிடும், கல் செத்த மாதிரி ஆகிவிடும், திரும்ப வராது. உள்ளே கூடாக இருக்கும் நகையில் அரக்கு அடைத்திருப்பார்கள், அதுவும் சூட்டில் இளகும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

கெம்பு எல்லாம் பர்மா கெம்பு என்று வீட்டில் சொல்வார்கள். சில வீடுகளில் அது உண்மை. பல நகைகளில் இருப்பது ஸ்பினல் என்ற வேறு கல், இல்லையென்றால் வெறும் கண்ணாடி. மூன்றாவது ஒன்றும் உண்டு. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னேய் 1902ல் கெம்பைச் செயற்கையாக வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதற்கு அப்புறம் செய்த நகைகளில் அந்தக் கல்லும் கலந்திருக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் இயற்கைக் கல்லுக்குள் நேர்க்கோடுகள், நார் போன்ற படிவங்கள் தெரியும். வளர்த்த கல்லில் கிராமபோன் தட்டில் இருப்பது மாதிரி வளைந்த கோடுகளும் சின்னக் காற்றுக்குமிழிகளும் தெரியும். மூடிய வேலைப்பாட்டில் இதைப் பார்ப்பது கஷ்டம்தான், ஆனாலும் இதற்காகக் கல்லைக் கழற்றச் சொல்லாதீர்கள். கழற்றாமல் பார்க்கத் தெரிந்தவரிடம் போங்கள். கல் நன்றாக இருந்தால் பெரிய ஏல நிறுவனமே சுவிட்சர்லாந்தின் எஸ்எஸ்இஎஃப், கூபெலின் போன்ற ஆய்வகத்தின் சான்றிதழ் கேட்கும். பர்மாக் கல், சூடேற்றவில்லை என்று அதில் ஒரு வரி வந்தால் விலையே வேறு.

வைரத்தோட்டை ப்ளூ ஜாகர் என்று பாட்டி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயர் நம் பாட்டிமார் வாயில் ஜாகர் ஆனது. நல்ல வெள்ளையில் நீலம் ஓடும் கல்லையெல்லாம் அப்படிச் சொல்லிச் சொல்லி, இப்போது அது சுரங்கத்தின் பெயராக இல்லாமல் தரத்தின் பெயராகிவிட்டது. கல் சிறிது என்றால் சர்வதேச ஏலத்துக்குப் போகாது, மும்பை ஏலங்களில் பழைய தென்னிந்திய நகை என்ற பிரிவில் போகும். இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. என் பாட்டியின் எட்டுக் கல் பேசரி மூக்குத்தியை அம்மா ஒரு கடையில் மாற்றினார். பழைய மாடல், கல்லுக்கு விலை போட மாட்டோம் என்று சொல்லித் தங்கத்தை மட்டும் எடை போட்டார்கள். கல்லைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை. அந்த எட்டுக் கல்லும் கையால் பட்டை தீட்டியவை, ஒன்றுபோல இன்னொன்று இருக்காது. நீங்கள் எங்கே விற்றாலும் சரி, கல்லுக்குத் தனி விலை சொல்லாத இடத்தில் கல்லைக் கொடுக்காதீர்கள்.

காசுமாலையில் இருப்பது அசல் நாணயமா, அச்சுக் காசா என்று பாருங்கள். அசல் என்றால் பிரிட்டிஷ் சாவரினாக இருக்கலாம். நாம் சவரன் என்று சொல்வதே அந்த நாணயத்தைத்தான், எடை 7.98 கிராம், அதைத்தான் 8 கிராமாக்கிக்கொண்டோம். புதுச்சேரி வீடு என்பதால் 20 பிராங்க் பிரெஞ்சுக் காசும் இருக்கலாம், அது 6.45 கிராம். வளையம் பற்றவைத்த நாணயத்துக்கு நாணயம் சேகரிப்பவர்கள் பெரிய விலை தர மாட்டார்கள். மாலையாகவே விற்பதுதான் நல்லது.

இப்போது சைகோன் பலகை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த புதுச்சேரி சொல்தா குடும்பங்கள், இந்தோசீனாவில் பிரெஞ்சு அரசு உத்தியோகம் பார்த்த குடும்பங்கள் வீட்டில் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். முத்துச்சிப்பி பதித்த அலமாரி, பீங்கான் ஜாடி, கறுப்புப் பலகையில் தங்க நிற மீனோ மூங்கிலோ. வீட்டுக்காரர்கள் அதைச் சாமான் என்றுதான் நினைக்கிறார்கள். ஹனோயில் 1925ல் விக்தோர் தார்தியூ தலைமையில் இந்தோசீனா நுண்கலைப் பள்ளி தொடங்கியது. அங்கே படித்தவர்களில் சிலர் பட்டில் வரைந்தார்கள், சிலர் அரக்கு மரத்துப் பாலை அடுக்கடுக்காகப் பூசி ‘சோன் மாய்’ என்ற அரக்கு ஓவியத்தைப் பெரிய கலையாக வளர்த்தார்கள். பூச்சுகளுக்கு நடுவே தங்க, வெள்ளித் தகடு வைப்பார்கள், முட்டை ஓட்டை நொறுக்கிப் பதிப்பார்கள், கடைசியில் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து அடியில் இருக்கும் நிறத்தை மேலே கொண்டுவருவார்கள். படத்தில் வாத்து இருந்தால், அதன் வெள்ளை உடம்பை உற்றுப் பார்த்தால் அது பெயிண்ட் இல்லை, முட்டை ஓட்டுத் துண்டுகள் என்பது தெரியும். அந்தப் பள்ளி மாணவர்களின் படங்களுக்குப் பாரிஸிலும் ஹாங்காங்கிலும் இப்போது பெரிய போட்டி. மாய் துங் து 1930ல் வரைந்த ஒரு பெண்ணின் உருவப்படம் 2021ல் ஹாங்காங் சதபீஸ் ஏலத்தில் 31 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது எண்ணெய் ஓவியம். அரக்கில் நுவென் ஜா ட்ரீ, ஃபாம் ஹாவ் ஆகியோரைத் தேடுகிறார்கள்.

எல்லாப் பலகையும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூ தௌ மோத் போன்ற ஊர்ப் பட்டறைகள் பயணிகளுக்கென்று ஆயிரக்கணக்கில் செய்து விற்றன. உங்களுடையது அந்த வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியே இருந்தாலும் பழைய சாமான் கடைக்குப் போடும் பொருள் இல்லை அது. சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். கையெழுத்து, முத்திரை, ஒட்டிய சீட்டு, கண்காட்சி எண், சட்டம் போட்ட கடையின் பெயர் எது இருந்தாலும் பிய்க்காதீர்கள். முன்பக்கம் மூலைகளில் பெயரோ சதுரச் சிவப்பு முத்திரையோ இருக்கிறதா என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டாம். கடற்காற்று படும் ஜன்னல் பக்கத்திலும் ஏசி காற்றுக்கு நேராகவும் வைக்க வேண்டாம், ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தால் அரக்கு வெடிக்கும்.

தஞ்சாவூர்க் கிருஷ்ணரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய படம் என்றால் பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணமும் பசையும் கலந்த மக்கால் மேடு எழுப்பி, அதன் மேல் தங்கத் தகடு ஒட்டியிருப்பார்கள். பழைய தங்கம் கண்ணைக் கூசாது, மங்கலாக, ஆழமாக இருக்கும். பின்பலகையில் பூச்சித் துளையும் பழைய ஆணியும் இருந்தால் நல்ல அறிகுறி. பிளைவுட் இருந்தால் அண்மைக்காலப் படம். பக்கத்து அறையில் ஒரு ரவி வர்மா லட்சுமியும் இருக்கிறது என்று பின்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். 2023ல் அவருடைய யசோதையும் கிருஷ்ணரும் மும்பையில் 38 கோடி ரூபாய்க்குப் போனது எண்ணெய் ஓவியம். வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் 1894ல் தொடங்கிய அவருடைய அச்சகத்தில் அடித்த படங்கள். லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சுப் படம்தான். சரிகையும் மணியும் தைத்து அலங்கரித்த பழைய அச்சுப் படத்துக்கும் ஒரு விலை உண்டு, ஆனால் அந்தக் கோடிக் கணக்கோடு அதை ஒப்பிட முடியாது.

வெண்கல அம்மனைத்தான் தொடாதீர்கள் என்றேன். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் மாடத்தில் இருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை திருடுபோனது. 2004ல் அதை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடம் விலை கொடுத்து வாங்கியது. 1970ல் டெல்லிக் கடையொன்றில் வாங்கியதாகக் கபூர் காகிதம் காட்டியிருந்தார். அந்தக் காகிதம் பொய் என்று காட்டியதில் புதுச்சேரி செயின்ட் லூயி வீதிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. 1956 முதல் அவர்கள் கோயில் கோயிலாக எடுத்துச் சேர்த்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் அதே சிலை தன் மாடத்தில் நிற்கிறது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே சிலையைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். கபூருக்கு 2022ல் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருஷத் தண்டனை விதித்தது, அது ஸ்ரீபுரந்தான், உடையார்பாளையம் பக்கத்துச் சிலைத் திருட்டு வழக்குகளில் ஒன்றில்.

உங்கள் அம்மன் குடும்பச் சிலையாகவே இருக்கலாம், கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் வாங்கிய ஐம்பது வருஷச் சிலையாகவும் இருக்கலாம். ஆனால் எந்தக் கோயிலிலிருந்தோ கைமாறி வந்ததில்லை என்று உறுதியாகும்வரை விலை பேசக் கூடாது. தாத்தாவுக்கே தெரியாமல் நடந்திருக்கலாம் இது. பிரெஞ்சு நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள், தொல்லியல் துறையினரிடமும் காட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1972ம் வருஷத் தொல்பொருள் சட்டம் 1976 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் எதையும் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை. நூறு வருஷம் தாண்டிய சிலையையும் ஓவியத்தையும் பதிவு அலுவலரிடம் பதிந்து சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பதிவோடு இந்தியாவுக்குள் விற்கத் தடையில்லை. ரவி வர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய் போன்ற சிலரின் படைப்புகளுக்கு இந்த நூறு வருஷக் கணக்கே கிடையாது, எந்த வருஷம் வரைந்ததானாலும் நாட்டை விட்டுப் போகக் கூடாது.

ஆக, தங்கையின் பெட்டியில் போட்டு அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். அட்டிகை கொள்ளுப்பாட்டி காலத்தது என்றால் அதுவே நூறைத் தாண்டியிருக்கும். பலகை 1930களுக்குப் பிந்தையதாக இருந்தால் நூறு ஆகவில்லை, அதை வெளியே அனுப்ப வழி உண்டு. தொல்லியல் துறையின் சென்னை வட்டத்தில் விண்ணப்பித்து, இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டு முறையாக அனுப்பலாம். தாத்தா பிரான்சில் இருந்த பெரியப்பாவுக்கு முன்பே கொடுத்து அங்கேயே ஏதாவது இருந்தால், அதைத் தங்கை பாரிஸ் ட்ரூவோ ஏலக்கூடத்தில் காட்டலாம்.

பெரிய நிறுவனங்களே பூர்வீக விஷயத்தில் தடுமாறுவதை 2025ல் பார்த்தோம். 1898ல் உத்தரப் பிரதேசத்தின் பிப்ரவாவில் புத்தரின் அஸ்தியோடு கிடைத்த மணிகளை, கண்டெடுத்தவரின் வாரிசுகளுக்காக ஹாங்காங்கில் மே மாதம் ஏலம் விடவிருந்தது சதபீஸ். இந்திய அரசு நோட்டீஸ் அனுப்பியதும் ஏலம் நின்றது, ஜூலையில் மணிகள் நாடு திரும்பின. புதுச்சேரிக்குப் பக்கத்துப் பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டு மண்ணில் மழைக்கு அப்புறம் கிடைக்கும் மணியை விற்கலாமா என்று யாராவது கேட்டாலும், கூடாது என்பதுதான் பதில்.

பணக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பொருள் 20 லட்சத்துக்கு ஏலம் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் அதற்கு மேல் 20 சதவீதம் நிறுவனத்துக்குக் கொடுத்தால் 24 லட்சம், வரி தனி. பேப்பரில் வருவது பெரும்பாலும் இந்த 24. உங்களிடம் 10 சதவீதம் கமிஷன் பிடித்தால் கைக்கு வருவது 18. இதில் படம் எடுப்பது, காப்பீடு, போக்குவரத்து யார் செலவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பரம்பரை நகைக்கும் ஓவியத்துக்கும் வரி உண்டு. 2024 ஜூலைக்குப் பின் விற்றால் மூலதன ஆதாயத்தில் 12.5 சதவீதம். 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை அடக்கவிலையாகக் காட்டலாம், அதற்கு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கி வையுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியில் வைத்து ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள், பக்கத்தில் ஸ்கேல் இருக்கட்டும். எடையையும் அளவையும் எழுதுங்கள். அப்புறம் வீட்டில் வயதில் மூத்தவர் யார் இருக்கிறாரோ, அத்தையோ சித்தியோ, அவரை உட்காரவைத்து எது யார் கல்யாணத்துக்கு வந்தது என்று கேட்டு ஃபோனில் பதிவு செய்யுங்கள். பலகையின் பின்பக்கப் படத்தை மட்டும் முதலில் எனக்கு அனுப்புங்கள். தாத்தா சைகோனில் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம்வரை இருந்தார், எந்த இலாகாவில் வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.